கிதார் தரையில் உட்கார்ந்தபோது

மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "மின்மாற்றிகளைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதைத்தான் நாலு வருஷம் படிச்சாச்சே, வேற ஏதாவது எழுதுப்பா" என்று பதில் வந்தது. ஆகவே நண்பர்களே, அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் வரலாற்றை எழுதுகிறேன். அதற்கு முன்னால், நம் கல்லூரியில் நான் கெடுத்த ஒரு கச்சேரியைச் சொல்லியாக வேண்டும்.

என் சொந்த ஊர் மரக்காணம். அங்கே உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பகலில் பாத்தியில் உப்பு வாருவார். இரவில் தெருக்கூத்து ஜமாவில் மிருதங்கம் வாசிப்பார். ஊரே அவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடும். எங்கள் இறுதியாண்டு விழாவில் வகுப்பு நண்பர்களின் ராக் குழுவோடு அவரை வாசிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். எலக்ட்ரானிக்ஸ் மாணவன் என்பதால் மிக்ஸர் என் பொறுப்பு. இரண்டு மின்கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். வாத்தியாருக்கு ஒரே ஒரு மைக். அரங்கம் அதிர்ந்தது, கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பாதியிலேயே அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டதை நான் கவனிக்கவே இல்லை.

ராத்திரி ஊருக்குப் போகும் பஸ்ஸில் சொன்னார்: "பசங்க நல்லா வாசிச்சாங்க தம்பி. எனக்குத்தான் என் கை சத்தம் கேக்கல."

அந்த வார்த்தை வெகுகாலம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கே தவறினோம் என்பது சில வருடங்கள் கழித்து, 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டபோதுதான் புரிந்தது.

ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தில் 1942-ல் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் கிதார் வாசித்துப் பெயர் பெற்றவர். 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற ஜாஸ்-ராக் குழுவைத் தொடங்கினார். அசுர வேகம், காதைப் பிளக்கும் ஒலி, கையில் இரட்டைக் கழுத்து மின்கிதார்! உலகமெங்கும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். அந்தப் புகழின் நடுவில் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். அங்கேதான் வயலின் கலைஞர் எல். சங்கரின் நட்பும் வலுப்பட்டது. சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன்.

1975 ஜூலை 5. நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. மேடையில் சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம். இவர்களோடு மின்கிதாரை விட்டுவிட்டு வந்த மெக்லாஃப்லின். மேற்கும் கிழக்கும் சந்தித்தன என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அதே மேடையில் வடக்கின் தபலாவும் தெற்கின் கடமும் சந்தித்ததை நாம் மறக்கக் கூடாது. மூன்றே உருப்படிகள், கடைசி உருப்படி ஏறத்தாழ அரை மணி நேரம். அந்த நேரடி ஒலிப்பதிவுதான் 1976-ல் இசைத்தட்டாக வந்தது.

கடம் என்பது மண்பானை. மானாமதுரைக் குயவர் கையில் உருவாகும் பானை, மின்கிதாரோடு சத்தத்தில் போட்டி போட முடியுமா? முடியாது. ஆகவே கிதார்தான் இறங்கி வர வேண்டும். மெக்லாஃப்லின் இறங்கி வந்தார், மற்றவர்களைப் போலச் சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பானையில் விரல் நுனி உருளும் ஓசைகூட அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

அவர் கருவியையே மாற்றிக்கொண்டார் என்பது நம்மைப் போன்ற பொறியாளர்களுக்குச் சுவையான செய்தி. சாதாரணக் கிதாரில் இரண்டு மெட்டுகளுக்கு இடையே மரம் சமதளமாக இருக்கும். தந்தியை அழுத்தினால் விரல் மரத்தில் முட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் வளைத்தாலும் மரம் உரசும். 'சக்தி'க்காக கிப்சன் நிறுவனத்தின் ஏப்ரகாம் வெக்டர் செய்து கொடுத்த கிதாரில், மெட்டுகளுக்கு இடையே மரம் பள்ளமாகக் குடையப்பட்டது. விரலுக்கு இடம் கிடைத்தது. அழுத்தியும் இழுத்தும் தந்தியின் இழுவிசையைக் கூட்டலாம்; இழுவிசை கூடினால் சுருதி ஏறும். வீணையில் கமகம் பிறப்பதும் இதே விதியால்தான். அதோடு, ஒலித்துளையின் மேல் சாய்வாக ஏழு தந்திகள் கூடுதலாகக் கட்டப்பட்டன, சுருதி ரீங்காரத்துக்காக.

குழு 1978-ல் கலைந்தது. மூன்றே இசைத்தட்டுகள். ஆனால் உறவு கலையவில்லை. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி மேடையேறியபோது மெக்லாஃப்லினுக்கு ஐம்பத்தைந்து வயது. பின்னர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அந்தச் செல்வகணேஷோடு சேர்ந்து 2007-ல் கொன்னக்கோல் பாடத்தை டிவிடியாக வெளியிட்டார் மெக்லாஃப்லின். தன்னைவிட வயதில் மிகச் சிறியவரோடு சமமாக உட்கார்ந்து தாளம் போட அந்த மூத்தவருக்குத் தயக்கமே இல்லை. 2014-ல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார்.

இந்தக் காற்று எங்கள் கடற்கரைப் பக்கமும் வீசியது. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா. அவர் தலைமையில் 2010-ல், மரக்காணத்துக்கு வடக்கே செய்யூர் பக்கம் சுவர்ணபூமி இசை அகாடமி தொடங்கியது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வாத்தியாரிடம் அந்த 1975 கச்சேரியைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. முடிந்ததும், "அந்த வெள்ளைக்காரர் இந்தப் பானைக்காரர் வாசிக்கிறதக் கேக்கறாரு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மறுபடி அவரை அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அவரிடம் கேட்டேன். "டப்பா சத்தத்தக் கொறச்சு வெச்சா வர்றேன்" என்கிறார். மேடையில் முதல் ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வையுங்கள், அவர் கை சத்தம் அவருக்குக் கேட்கட்டும். அதைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு உங்கள் கிதாரை இணையுங்கள். மிக்ஸருக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.