மன்னார் மணலும் பூமியதிர்ச்சியும்

பூமியதிர்ச்சி எட்டிப்பாராத பிரதேசம் என்று மன்னாரைப் பற்றி எண்ணுவது வழக்கமாயினும், 1938 செப்டெம்பர் 10ஆம் திகதி மன்னார் வளைகுடாவில் நிகழ்ந்த, 5.8 அளவினதென்று பதிவேடுகள் குறிக்கும் அதிர்ச்சியை நினைவுகூர்வோர் அவ்வெண்ணத்தை அத்தனை எளிதில் ஒப்பமாட்டார்கள். போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் வசமான மன்னார்க் கோட்டை இன்றும் நிற்கிறதே என்று வாதிப்பாருமுளர். தாழ்ந்து தடித்த அதன் மதில்கள் நிற்பதைக் கொண்டு மன்னார்த் தீவின் நிலமெங்கும் உறுதியானதென முடிவுகட்டுதல் பொருந்தாது. பண்டைக் குடிமக்களின் கிடுகு வேய்ந்த வீடுகளோ, சரிந்து வீழினும் ஆளை நசுக்கும் பாரமற்றவை.

தீவின் மேற்பரப்பு பெரும்பாலும் மணல். சுண்ணாம்புப் பாறை அதன் அடியில் கிடக்கிறது. பேசாலைப் பக்கத்தில் பூவல் தோண்டுவோர் அதிக ஆழம் போகாமலே நீரைக் காண்பர். அலை பின்வாங்கிய ஈரக்கரையில் நின்று பாதங்களை மாறிமாறி அசைத்தால், இறுகிக் கிடந்த மணல் குழைந்து, நீர் மேலே கசிய, கால் உள்ளே புதைவதைக் கரையோரச் சிறுவர் யாவரும் அறிவர். நீரூறிய தளர்மணல் அதிரும்போதும் நிகழ்வது இதுவே: பருக்கைகள் ஒன்றையொன்று தாங்கும் பிடி நெகிழ, மேலுள்ள பாரம் இடைநீரின்மீது இறங்கி, மண் திரவத்தின் சுபாவத்தை அடைகிறது. 1934 சனவரி 15இல் பீகாரின் வண்டல் வெளியில், சீதாமடி, மோதிஹாரி, மதுபனி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில், நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட, வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் அடுக்குமாடிகள் சுவர் சிதையாமலே பக்கவாட்டில் படுத்தன.

மணற்படையின் கனமும் கவனிக்கற்பாலது. மெல்லிய படை விரைந்து அதிர்ந்து தாழ்ந்த வீடுகளை வருத்த, ஆழ்ந்த மென்மண்ணோ மெதுவாக ஆடி, அவ்வாட்டத்தோடு இசையும் உயர்ந்த கட்டடங்களைச் சிதைக்கும். 1985இல், ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவிலிருந்து வந்த அதிர்ச்சி, மெக்சிக்கோ நகரின் பழைய ஏரிக் களிமண்மேல் நின்ற பல மாடிகளை வீழ்த்தி, அதே நகரின் பாறைத்தரையில் நின்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவைத்தது.

கிடுகின் காலம் போய்க் கல்லும் சீமெந்துமாக மாடிகள் எழும் இக்காலத்தில், மன்னாரில் வீடு கட்டுவோர் அத்திவாரம் வெட்டுமுன் துளையிட்டு, மணலின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அறிந்துகொள்வாராக.