பனியை நம்பிய ஊராட்சிகள்: பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஊர்களின் வரலாறு

பிரான்சின் சவ்வா மாவட்டத்து மலைச்சிற்றூர்களில் நெடுங்காலம் பனி என்பது வருமானம் அன்று. வேலை நின்றுபோகும் பருவம். கோடையில் மாடுகளை உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச்சென்று சீஸ் செய்து விற்றார்கள். குளிர்காலத்தில் இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு இறங்கினார்கள். பலர் திரும்பி வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், இவ்வூர்கள் காலியாகிப் போவதைத் தடுக்கும் மருந்தாகவே அரசு பனிச்சறுக்கைக் கையிலெடுத்தது. மருந்து பலித்தது. ஆனால் ஊராட்சிகள் ஒரே வருமானத்தில் கட்டுண்டன. மக்களையும் மலையையும் காக்கும் சட்டங்களோ பெரும்பாலும் இழப்புக்குப் பிறகே வந்து சேர்ந்தன. அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் கூர்ஷவேல். ஆஸ்திரியாவில் போர்க்கைதியாக இருந்த காலத்திலேயே கட்டடக் கலைஞர் லொரான் ஷப்பீஸ் இம்மலைப் பகுதிக்கான திட்டத்தை வரைந்துவந்தார். 1946இல் சவ்வா மாவட்ட மன்றம் பொதுப் பணத்தில் அங்கே ஊரை எழுப்பத் தொடங்கியது. 1961இல் திறக்கப்பட்ட லா பிளான்ய் வேறு வகையானது. வேளாண்மையும் ஈயச் சுரங்கமும் தளர்ந்துவந்த நிலையில், மக்கள் வெளியேறுவதை நிறுத்த ஏம் ஊரின் மேயர் பியேர் பொரியோன் மேற்கொண்ட முயற்சி அது. இரண்டிலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இங்குள்ளவர்கள் எப்படி இங்கேயே வாழ்வது?

1964 முதல் நடைமுறைக்கு வந்த ‘பனித் திட்டம்’ இந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. வெளிநாட்டுச் செலாவணி ஈட்டுவது நாட்டின் இலக்காயிற்று. அரசு சாலை அமைத்தது. நிலத்தைக் கையகப்படுத்தித் தந்தது. ஒரே நிறுவனம் கட்டடம், சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் மின்தூக்கிகள், சறுக்குத் தடங்கள் யாவற்றையும் அமைத்தது. நிறுவனத்துக்கு விரைவாகப் பணம் தந்தது அடுக்குமாடி வீடுகளின் விற்பனை. ஆகவே வீடுகள் பெருகின. அவற்றை வாங்கியவர்கள் ஆண்டில் சில வாரங்களே தங்கினார்கள். மற்ற நாட்களில் ஆளில்லாமல் கிடக்கும் இவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்கிறார்கள். நிரம்பி வழியும் அந்த ஒருசில வாரங்களுக்கேற்ற குடிநீர்க் குழாயையும் கழிவுநீர் நிலையத்தையும் ஆண்டு முழுதும் பராமரிக்கும் சுமை மட்டும் ஊராட்சியின் தலையில் விழுந்தது. வீட்டு விலையோ, அங்கே பிறந்தவர்களுக்கும் பருவகாலத் தொழிலாளர்களுக்கும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஊரைக் காக்க வந்த திட்டத்தில் ஊர்க்காரருக்கே இடமில்லாமல் போனதுதான் இவ்வரலாற்றின் ஆழமான காயம் என்று கருதுகிறேன்.

1970 பிப்ரவரி 10ஆம் நாள் காலையில் வால் திசேரில் இளைஞர் விடுதி ஒன்றின்மேல் பனிச்சரிவு விழுந்தது. உணவுக்கூடத்தில் இருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 16 அதிகாலையில், பிளாட்டோ தஸி என்னும் இடத்தில் காசநோய் மருத்துவமனையை மண்சரிவு மூடியது. 71 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். இவற்றுக்குப் பின்னரே பனிச்சரிவு ஆய்வுக்கான தேசியச் சங்கம் 1971இல் கிரெனோபிளில் தோன்றியது. சரிவுகள் எங்கே விழுந்தன என்ற வரைபடங்களும் முறையாகத் தயாராயின. மலையில் எங்கே கட்டக்கூடாது என்பது முதியவர்களின் நினைவில் இருந்த அறிவு. அதைத் தாளில் ஏற்ற இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

வரைபடமும் போதவில்லை. 1999 பிப்ரவரி 9 அன்று ஷமோனி பள்ளத்தாக்கின் மோன்ரோக் சிற்றூரில் பனிச்சரிவு 12 பேரைக் கொன்றது. அழிந்த வீடுகளில் சில, ஆபத்தில்லை என்று குறிக்கப்பட்ட பகுதியில் இருந்தவை. ஆபத்து தெரிந்தும் உரிய நேரத்தில் மக்களை வெளியேற்றவில்லை என்று மேயர்மீது வழக்கு நடந்தது. 2003இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின் ஆல்ப்ஸ் மேயர்கள் பாதுகாப்பு முடிவை வெறும் நிர்வாக வேலையாகப் பார்க்க முடியவில்லை.

சுற்றுச்சூழல் எதிர்ப்போ பனித் திட்டக் காலத்திலேயே உருவானது. 1963இல் அமைந்த வனுவாஸ், பிரான்சின் முதல் தேசியப் பூங்கா. ஆறே ஆண்டுகளில் அதன் ஒரு பகுதியைப் பனிச்சறுக்குக்குத் திறக்கும் திட்டம் வந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, 1971இல் திட்டம் கைவிடப்பட்டது. 1977 ஆகஸ்டில் வல்லூயிஸ் ஊரில் குடியரசுத் தலைவர் கிஸ்கார் தெஸ்தேன் ஆற்றிய உரையோடு, மலைமேல் புதிய நகரங்களை எழுப்பும் காலம் முடிந்தது. 1985 ஜனவரி 9ஆம் நாள் மலைச் சட்டம் கட்டுமானத்துக்கு வரம்பு விதித்தது. மின்தூக்கிகளை ஊராட்சிகள் ஏற்பாடு செய்யும் பொதுச் சேவையாகவும் ஆக்கியது. அதிகாரம் ஊருக்குத் திரும்பியது நல்லதே. கூடவே நட்டமும் ஊரின் கணக்கில் ஏறியது.

அந்தக் கணக்கு விரைவிலேயே சோதனைக்கு வந்தது. 1980களின் இறுதியில் அடுத்தடுத்த குளிர்காலங்களில் பனி பொய்த்தது. தாழ்வான ஊர்கள் கடனில் மூழ்கின. விடையாகப் பரவியவை பனிப்பீரங்கிகள்: தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சிப் பனியாக்கும் கருவிகள். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு கனமீட்டர் பனி தரும். ஆனால் குளிர் இல்லாவிட்டால் அவை இயங்கா. ஷார்த்ரூஸ் மலைத்தொடரில் 1325 மீட்டர் உயரத்திலுள்ள கோல் தெ போர்ட் நிலையத்தில் 1960 முதல் பனி அளக்கப்படுகிறது. அங்கே குளிர்காலப் பனியின் சராசரி ஆழம், 1990க்கு முந்திய முப்பது ஆண்டுகளைவிடப் பிந்திய முப்பது ஆண்டுகளில் சுமார் 40 சென்டிமீட்டர் குறைந்துள்ளது.

பனிப்பீரங்கிகளுக்கு வேண்டிய தண்ணீருக்கான சண்டை இங்கிருந்தே தொடங்குகிறது. லா க்ளூசாவில் 1,48,000 கனமீட்டர் கொள்ளும் புதிய நீர்த்தேக்கத்துக்கு 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. இளைஞர்கள் காட்டில் முகாமிட்டுத் தடுத்தார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் பணியை நிறுத்திவைத்தது. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு ஊர்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, செயற்கைப்பனி இல்லையென்றால், புவி 2 பாகை சூடேறும்போது 53 விழுக்காட்டு ஊர்களும் 4 பாகையில் 98 விழுக்காட்டு ஊர்களும் மிகக் கடுமையான பனித்தட்டுப்பாட்டுக்கு ஆளாகும் என்கிறது. செயற்கைப்பனி தருவது அரைகுறையான, இடைக்காலப் பாதுகாப்பே என்று 2024 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தணிக்கை நீதிமன்றமும் எச்சரித்தது.

இவ்விடத்தில் இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். ஓத்-ஆல்ப் மாவட்டத்தின் செயூஸ், பனியும் பணமும் தீர்ந்து 2018இல் மூடப்பட்டது. ஜூரா மலையிலுள்ள மெத்தாபியேஃப், இன்னும் வருமானம் வரும்போதே, 2030-35 வாக்கில் பனிச்சறுக்கை நிறுத்துவதென்று திட்டமிட்டு, மற்ற வேலைகளுக்குத் தொழிலாளர்களைத் தயார்செய்யத் தொடங்கிவிட்டது. இதுவரையிலான வரலாற்றில் இழப்புக்கு முன்பே எடுக்கப்பட்ட அரிய முடிவு இது.

2030 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைப் பிரெஞ்சு ஆல்ப்ஸ் நடத்தவிருக்கிறது. பெரும் பொதுப் பணம் மீண்டும் மலையேறப்போகிறது. அந்தப் பணத்தைப் புதிய தேக்கங்களிலும் பீரங்கிகளிலும் கொட்டாமல், தொழிலாளர் குடியிருப்புக்கும், பூட்டிக்கிடக்கும் வீடுகளைத் திறப்பதற்கும், மெத்தாபியேஃப் போன்ற மாற்றங்களுக்கும் முதலில் ஒதுக்க வேண்டும்.