எலெக்ட்ரிக் கிட்டாரும் சிறிய ஆம்ப்ளிஃபயரும்

எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்முதலாக வாங்கப் போகிறவர்கள் அதன் மரம், நிறம், தந்தி, விலை ஆகியவற்றைப் பற்றி அறிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துத் தெளிந்த பிறகு, ஆம்ப்ளிஃபயரை மாத்திரம் கடைக்காரர் காட்டியபடி கடைசி நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. கையில் இருப்பது வாத்தியத்தின் பாதிதான், மற்றப் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்த பின்புதான் அவர்களுக்குப் புலனாகிறது. பெட்டி கனமாக இருந்தால்தான் நாதம் சிறக்கும் என்றும், இலேசான பெட்டி கற்றுக்குட்டிகளுக்கு உரிய இரண்டாந்தரச் சாமான் என்றும் ஓர் அபிப்பிராயம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இந்த வாத்தியத்தின் சரித்திரத்தை ஆதியிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, இலேசான சிறு பெட்டியே அதன் பூர்வ வடிவம் என்பதும், கனமானது நடுவில் ஒரு குறிப்பிட்ட நெருக்கடியால் வந்து சேர்ந்து அந்த நெருக்கடி தீர்ந்த பிறகும் போகாமல் நின்றுவிட்டது என்பதும் தெளிவாகும்.

1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பொருட்காட்சியில் ஹவாய்த் தீவுக் கலைஞர்களின் சங்கீதத்தைக் கேட்ட அமெரிக்க ஜனங்கள் அதில் பெரிதும் மயங்கினார்கள். கிட்டாரை மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதுபோலத் தந்திகளின்மேல் இரும்புத் துண்டு ஒன்றை வழுக்கி வாசிக்கும் அந்த முறை அடுத்த சில ஆண்டுகளில் அந்த தேசம் முழுவதும் பரவிற்று. ஆனால் நடன மண்டபங்களில் டிரம்பெட்டும் ஸாக்ஸஃபோனும் முழங்கும்போது கிட்டாரின் குரல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹவாய்ப் பாணியில் கிட்டார் வாசித்துவந்த ஜார்ஜ் போஷாம் என்பவர், இந்தக் குறையைத் தீர்க்க முதலில் உலோகத் தகடுகளை உள்ளே பொருத்திய கிட்டார்களில் ஈடுபட்டு, அதிலும் திருப்தி அடையாமல், தந்திக்கு அருகில் ஒரு காந்தத்தையும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளையும் வைத்து, தந்தியின் அதிர்வையே மின்சார அசைவாக மாற்றும் உபாயத்தைக் கண்டறிந்தார். அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, அலுமினியத்தால் வார்த்த மடிக் கிட்டார் ஒன்றை அவர் 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வட்டமான உடலும் நீண்ட பிடியும் கொண்டிருந்த அதற்கு 'வாணலி' என்ற செல்லப்பெயர் வந்தது.

அந்தச் சுருளில் எழும் மின்சாரமோ மிகவும் அற்பமானது; அதனால் ஒரு ஸ்பீக்கரை நேரே அசைத்துவிட முடியாது. நல்லகாலமாக, 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் செய்த வால்வும், 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ரைஸ், கெலாக் என்ற இருவர் வகுத்த ஸ்பீக்கரும் அதற்குள் ரேடியோப் பெட்டிகளின் வழியாக வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தன. ஆகவே போஷாமின் கிட்டாருக்கு வேண்டிய பெட்டியை லாஸ் ஏஞ்சலிஸில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒருவரே அமைத்துக் கொடுத்தார். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்பது பிறப்பால் ரேடியோவின் தம்பி. ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய, கூடத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய சிறிய மரப்பெட்டி. 1936-ல் கிப்ஸன் கம்பெனியார் கிட்டார், ஆம்ப்ளிஃபயர், உறை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 டாலருக்கு விற்ற செட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதைக் கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, ஊதுகுழல்களுக்குச் சமமாகக் கிட்டாரையும் தனி ஆவர்த்தனம் வாசிக்கவைத்தார். இருபத்தைந்து வயதிலேயே அவர் காலமானது அந்தக் கலைக்கு ஏற்பட்ட பெரும் நஷ்டம்.

இந்தச் சிறு பெட்டியை மாணவர்களுக்கென்றே சிரத்தையுடன் செய்து கொடுத்த பெருமை லியோ ஃபென்டரைச் சேரும். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற சிற்றூரில் 1938 முதல் ரேடியோ ரிப்பேர்க் கடை நடத்திவந்த இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் சங்கீதக்காரர்கள் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து திறந்து பார்த்ததில், எந்த இடத்தில் இணைப்பு அறுகிறது, எந்தப் பாகம் சூட்டில் கெடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. 1945-ல் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து மடிக் கிட்டாரையும் சிறு ஆம்ப்ளிஃபயரையும் ஜோடியாக விற்கத் தொடங்கினார்; மறு வருஷம் நண்பர் விலகிக்கொள்ளவே, தம் பெயரிலேயே கம்பெனி நிறுவினார். 1948-ல் மாணவர்களுக்கான மடிக் கிட்டாருடன் 'சாம்பியன்' என்ற பெட்டி வெளிவந்தது. சில மாற்றங்களுடன் அதுவே பிற்பாடு 'சாம்ப்' என்ற சுருங்கிய பெயரால் உலகப் பிரசித்தி அடைந்தது.

1950-களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட சாம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் அதன் எளிமையைக் கண்டு வியப்பார்கள். பயணப் பெட்டிகளுக்கு ஒட்டுவது போன்ற மஞ்சள் கலந்த முரட்டுத் துணி போர்த்திய மரக்கூடு. மேலே தோலினால் ஆன ஒரு கைப்பிடி. பளபளக்கும் உலோகத் தகட்டில் வயர் செருகுவதற்கு இரண்டு துளைகள், திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ். உச்ச ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று பிரித்துக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. 1 முதல் 12 வரை எண்கள் பொறித்த அந்தக் குமிழ் ஒன்றே சகல காரியத்தையும் செய்ய வேண்டும். திறந்திருக்கும் பின்புறத்தில் மூன்றே வால்வுகள். முதலாவது சிணுங்கலைப் பேச்சாக்குகிறது. இரண்டாவது பேச்சைப் பாட்டாக்குகிறது. மூன்றாவது வீட்டு மின்சாரத்தை மற்ற இரண்டும் உண்ணத்தக்கபடி பக்குவம் செய்து கொடுக்கிறது. முன்னால் எட்டு அங்குல ஸ்பீக்கர். சக்தி சுமார் 5 வாட்.

இதன் பெருமை எங்கே இருக்கிறது என்றால், குமிழைப் பாதிக்குமேல் திருப்பும்போது வால்வு தன் சக்தியின் எல்லையைத் தொட்டு, நாதம் ஒரேயடியாக முறிந்துபோகாமல் சிறிது சிறிதாகக் கரகரத்துக் கனிகிறதே, அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு ராக் சங்கீதத்தின் உயிர்நாடி என்று கருதப்படும் அந்தக் கரகரப்பு, பெரிய பெட்டியில் கிடைக்க வேண்டுமானால் அண்டை வீட்டார் ஊரைக் காலி செய்யும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றவேண்டும். சிறிய பெட்டியிலோ ஓர் அறைக்குள்ளேயே அது கிடைத்துவிடுகிறது. 1970-ல் மயாமி நகரின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் எரிக் கிளாப்டன் தம் குழுவினருடன் 'லைலா' இசைத்தட்டைப் பதிவு செய்தபோது இந்தச் சாம்ப் பெட்டியையே உபயோகித்தார். பிரம்மாண்டமான ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனை வேண்டுமானாலும் அவருக்குக் கிடைத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கென்று செய்த பெட்டியை அவர் தேர்ந்தெடுத்ததை யோசித்துப் பார்ப்பவர்கள், சிறியது தாழ்ந்தது என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நியூ ஜெர்ஸியில் நேதன் டேனியல் என்பவர் சியர்ஸ் என்ற பெரிய தபால் வியாபாரக் கம்பெனிக்காக வேறொரு யுக்தி செய்தார். 1962-ல் வெளிவந்த அவருடைய கிட்டாரின் உறைப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அடங்கியிருந்தன. பட்டணமே பார்க்காத கிராமத்துப் பிள்ளைக்கும் தபாலில் ஒரு பெட்டி வந்தால் போதும்; திறந்தால் வாத்தியமும் இருக்கும், அதன் குரலும் இருக்கும். முதல் கிட்டாருக்கான துணையைப் பற்றி இவ்வளவு பரிவோடு யோசித்தவர்கள் முன்னும் இல்லை, பின்னும் அதிகம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கனம் வந்த கதை இங்கிலாந்தைச் சேர்ந்தது. கென்ட் பிரதேசத்து டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸும் டிக் டென்னியும் 'வாக்ஸ்' என்ற பெயரில் 15 வாட் ஆம்ப்ளிஃபயரைச் செய்துவந்தார்கள். கூச்சலிடும் இளைஞர் கூட்டத்தின்முன் அது எடுபடாததால், 30 வாட் பெட்டி பிறந்தது. அதன் எடை 30 கிலோவுக்கு மேல். லண்டனின் மேற்குப் பகுதியில் டிரம் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் ஃபென்டரின் ஒரு மாதிரியை அடியொற்றித் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். 1965-ல் 'தி ஹூ' குழுவின் பீட் டௌன்ஷென்ட் 100 வாட் சக்தியும், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் எட்டும் அடங்கிய ஒரே கூடும் வேண்டும் என்று கேட்க, அவரும் செய்து கொடுத்தார். அதைத் தூக்கிச் சுமந்த பணியாட்கள் தாங்கமாட்டாமல் முறையிட்டதன் பேரில், அந்தக் கூட்டை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்படி மாற்றினார்கள். இன்று ராக் மேடைகளின் பின்புறத்தில் கோட்டைச் சுவர்போல் காணப்படும் அடுக்கு, இவ்வாறு முதுகு நொந்தவர்களின் முறையீட்டினால் உருவம் பெற்றது.

இத்தனை சக்தி எதற்காகத் தேவைப்பட்டது? அந்நாளில் மேடைக் கிட்டாரின் ஒலியை மைக் வைத்துச் சபை முழுவதற்கும் பரப்பும் ஏற்பாடு சரிவர அமையவில்லை; கிட்டார் ஆம்ப்ளிஃபயரே கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரவேண்டியிருந்தது. 1965 ஆகஸ்ட் 15-ல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள்முன் வாசித்தபோது, அவர்களுக்கென்றே வாக்ஸ் கம்பெனியார் செய்த 100 வாட் பெட்டிகளும் ஜனங்களின் ஆரவாரத்தில் மூழ்கிப்போயின. பிற்பாடு சபைக்கான தனி ஒலியமைப்பு வளர்ந்தவுடன், மேடைப் பெட்டி பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் ஒழிந்துவிட்டது. அல்லாமலும், நம் செவியின் இயல்பை அறிந்தவர்கள் வாட் கணக்கைக் கண்டு பிரமிக்கமாட்டார்கள்: ஒலி இரண்டு பங்காகத் தோன்றவேண்டுமானால் சக்தி ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகவேண்டும். 5 வாட் பெட்டிக்கும் 50 வாட் பெட்டிக்கும் கேள்வியில் உள்ள வித்தியாசம் அவ்வளவே. தோளில் உள்ள வித்தியாசமோ மிகப் பெரிது.

பெட்டியின் பாரம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, ஸ்பீக்கரின் காந்தம், மரக்கூடு ஆகியவற்றைச் சேர்ந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்த டிரான்சிஸ்டர் முதலாவதன் பாரத்தைக் குறைக்க வழிகாட்டிற்று. குறைந்த மின் அழுத்தத்தில் இயங்குவதால் பாட்டரியே அதற்குப் போதும். ஆனால் ஃபென்டர் கம்பெனியை வாங்கிய புதிய முதலாளிகள் 1966-ல் அவசரமாக வெளியிட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்துக்கொண்டன. வால்வைப்போல் கனியாமல், எல்லை கடந்ததும் டிரான்சிஸ்டரின் நாதம் வெடுக்கென்று முறிந்ததும் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1970-களின் ஆரம்பத்தில் வந்த 'பிக்நோஸ்' என்ற 5 வாட் பெட்டிதான் அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் பலருடைய மனத்தைக் கவர்ந்தது. ஐந்து அங்குல ஸ்பீக்கர், ஆறு சிறு பாட்டரிகள், பன்றி மூக்கின் வடிவில் ஒரே குமிழ். கீல் வைத்த அந்தப் பெட்டியைச் சிறிது திறந்து வைத்தால் ஒரு நாதம், மூடி வைத்தால் வேறொரு நாதம். ஃபிராங்க் ஸாப்பா போன்ற மேதைகளும் அதைக் கையாண்டார்கள். 1982-ல் 'பாஸ்டன்' குழுவின் டாம் ஷோல்ஸ், தாம் கற்ற பொறியியல் முழுவதையும் பயன்படுத்தி, இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கும் 'ராக்மன்' என்ற சாதனத்தைச் செய்தார். நள்ளிரவில் வாசித்தாலும் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களின் நித்திரை கெடாது.

1980-களின் ஆரம்பத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் பாரத்தைக் குறைத்தது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் கையாளும் புதிய முறையினால், கட்டி இரும்பாக இருந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்குவதாயிற்று. 1990-களின் பிற்பகுதி முதல் கம்ப்யூட்டர்ச் சில்லுகள் பழைய வால்வுப் பெட்டிகளின் குணங்களைக் கணக்கிட்டு அவற்றைப்போலவே பேசத் தொடங்கின. ரோலண்ட் கம்பெனியின் 'மைக்ரோ கியூப்' முதலில் வந்தபோது 2 வாட் சக்தியும் 3 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்டிருந்தது. சாம்ப்பின் நேர் வாரிசு என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆகையால் முதல் கிட்டாருக்குத் துணை தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. பெட்டியை ஒரு கையால் தூக்கிப் படியேறிப் பாருங்கள். முடியாவிட்டால் அது அறை மூலையிலேயே கிடக்கும். கடையில் சத்தத்தைக் குறைத்துவைத்து வாசித்துக் கேளுங்கள்; நீங்கள் வீட்டில் அப்பியாசம் செய்யப்போவது அந்த அளவில்தான். ஹெட்போன் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் பெட்டியானால், அது நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதைப் பின்புறத்துத் தகட்டில் படித்துத் தெரிந்துகொள்ளாமல் பிளக்கைச் செருகாதீர்கள்; அமெரிக்க வீடுகளில் ஓடுவது 120 வோல்ட். இவ்வளவும் சரியாக இருந்தால் 5 வாட்டே போதுமானது. அதற்குமேல் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல ஆசிரியருக்குக் கொடுங்கள்.