திருக்கோவிலூரில் கிடைக்காத வேலை

சங்கராபுரத்துக்காரர்களுக்குத் திருக்கோவிலூர் என்றால் உலகளந்த பெருமாள், தென்பெண்ணை ஆறு, கபிலர் குன்று. இரண்டு ஊரும் இன்று ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். நம்ம பக்கத்து ஊரின் பெருமைகளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1910-இல் அங்கே ஒருவருக்கு கிளார்க் வேலை கிடைக்காமல் போனது.

கேட்டு வந்தவர் ராமானுஜன். வயது 22. எஃப்.ஏ. தேறவில்லை, கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. முந்தைய வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வருமானம் என்று ஒன்றும் கிடையாது. அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ரெவின்யூ இலாகாவில் கடைசிப் படியில் ஒரு உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று போன ராமானுஜன், டிகிரிக்குப் பதிலாக நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

ராமசாமி ஐயர் அதைப் புரட்டிப் பார்த்தார். வேலை தரவில்லை. இந்தத் திறமையை ஒரு குமாஸ்தா நாற்காலியில் போட்டு அமுக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மாதச் சம்பளம் கேட்டு வந்தவர் கடிதத்தோடு திரும்பினார். அன்றைய நிலைமையில் அது லாபமா நஷ்டமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கடித வழி, நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் போய் நின்றது. சவரம் செய்யாத முகம், அழுக்கு உடை, கிழிந்த நோட்டு, பளபளக்கும் கண்கள் என்று அந்த முதல் தோற்றத்தை ராவ் பின்னர் எழுதியிருக்கிறார். நோட்டைத் திறந்து ராமானுஜன் விளக்க ஆரம்பித்தார். விஷயம் இருக்கிறது என்று ராவுக்குப் பட்டது. ஆனால் அது சரியா, உளறலா என்று தீர்மானிக்க அவருடைய கணிதம் போதவில்லை. மறுபடி வரச் சொன்னார்.

அடுத்த சந்திப்புதான் எனக்கு முக்கியம். ராவின் அறியாமை எவ்வளவு என்று ராமானுஜன் அதற்குள் அளந்துவிட்டாராம். இதைச் சொல்வது ராவ்தான். முதலில் எளிய முடிவுகள். அதிலிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகள், மீப்பெருக்குத் தொடர்கள், கடைசியில் விரி தொடர்கள். அங்கே கலெக்டர் விழுந்துவிட்டார்.

எங்கள் துறையில் இன்டர்வியூவுக்குப் போகும் பையனிடம், ‘கான்ஃபிடென்டா பேசு, நிமிர்ந்து உட்காரு’ என்போம். ராமானுஜனிடம் அப்படி எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று ராவ் கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது போதும் என்றார். தன்னைப் பற்றி அவ்வளவு அடக்கம். கணக்கு என்று வந்துவிட்டால், எதிரே இருப்பவர் கலெக்டர் என்பதே மறந்துபோய் அவர் வாத்தியாராகிவிடுகிறார். எதிராளிக்கு எங்கே புரியவில்லை என்று கவனிக்க முடிந்தவருக்குத் தன் சட்டையைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. தைரியம் என்பது பெரும்பாலும் இந்தக் கவனம்தான் என்று தோன்றுகிறது.

ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911-இல் முதல் கட்டுரை, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலேயே வந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் ஒரு வழியாக கிளார்க் வேலை, 30 ரூபாய். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தான் ஒரு கிளார்க், சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டுதான் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே தேற்றங்கள் இருந்தன.