குடை போய்ப் பலகை வந்தது: நேத்ரா பிறந்த கதை

இப்போதெல்லாம் ஜனவரி வந்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அப்துல் கலாம் புத்தகம் இல்லாத ஸ்டால் அபூர்வம். அக்னி, பிருத்வி பற்றி எட்டாம் வகுப்புப் பையன்கூட நாலு வார்த்தை சொல்வான். அதே ஜனவரி மாதத்தில், சென்னைக்கு 70 கி.மீ. மேற்கே அரக்கோணத்தில், 1999இல் நடந்ததைப் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகமும் என் கண்ணில் பட்டதில்லை. ஜெயித்த கதைக்குத்தான் அட்டைப்படம் கிடைக்கும்போல. ஆனால் இன்று இந்திய விமானப்படையிடம் இருக்கும் 'நேத்ரா' என்ற பறக்கும் ரேடாரின் பிறப்பை, அரக்கோணத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ரேடாரை ஏன் விமானத்தில் ஏற்ற வேண்டும்? பூமி உருண்டை என்பதால்தான். ரேடார் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமி வளைந்துவிடும். தரையில் 20 மீட்டர் கோபுரத்தில் ஒரு ரேடாரை வைத்தால், 100 மீட்டர் உயரத்தில் பதுங்கி வரும் எதிரி விமானம் சுமார் 60 கி.மீ. நெருங்கிய பிறகுதான் தெரியும். ஜெட் விமானத்துக்கு அது நாலைந்து நிமிஷப் பயணம். அதே ரேடாரை 9,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், அதே விமானத்துக்குத் தொடுவானம் 400 கி.மீ.க்கு அப்பால் தள்ளிப்போகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மேலிருந்து கீழே பார்க்கும்போது மலை, வயல், கடலலை எல்லாம் சேர்ந்து எதிரொலி அனுப்பும். அந்தக் கூச்சலுக்குள் ஒரு சின்ன விமானத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். நகரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறும் என்ற டாப்ளர் தத்துவம்தான் அங்கே கைகொடுக்கிறது. பறக்கும் ரேடாரின் பாதிக் கஷ்டம் இந்தப் பிரித்தெடுப்பில்தான் இருக்கிறது.

விமானத்தில் ரேடாரை வைக்கும் யோசனை பழையது. 1937 செப்டம்பரில் பிரிட்டனில் டாஃபி போவன் என்ற வேல்ஸ்காரரின் குழு, ஆவ்ரோ ஆன்சன் விமானத்தில் ரேடாரை ஏற்றி, வட கடலில் மேகமூட்டத்துக்கு நடுவே போர்க்கப்பல்களைக் கண்டுபிடித்தது. 1940 ஜூலையில் ஒரு பிளெனிம் போர் விமானம் தன் ரேடாரைக் கொண்டே ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை இருட்டில் தேடி வீழ்த்தியது. அன்று முதல் போர் விமானத்தின் மூக்கில் ரேடார் ஓர் உறுப்பாகிவிட்டது. ஆனால் மூக்கு சின்னது. அதற்குள் அடங்கும் ஆன்டெனாவும் சின்னது. முன்னால் இருப்பது மட்டுமே தெரியும். சுற்றுமுற்றும் பார்த்து, யார் எங்கே வருகிறார்கள் என்று போர் விமானங்களுக்குச் சொல்ல, பின்னால் நிற்கும் பெரிய கண் ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் அதற்குப் பெரிய விமானங்களின் முதுகில் சுழலும் குடை வைத்தன. ரோட்டோடோம் என்பது அதன் பெயர். உள்ளே ஆன்டெனா, வெளியே கூடு, மொத்தமும் சேர்ந்து சுற்றும்.

இந்தியா இந்த வேலையில் இறங்கியது 1985இல். அதற்கென்றே பெங்களூரில் 1991இல் உருவானது 'கேப்ஸ்' என்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆட்கள் சுருக்கமாகச் சொல்லும் வான்வழி அமைப்புகள் மையம். கையில் இருந்த விமானம் கான்பூரில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கட்டிய ஆவ்ரோ எச்.எஸ். 748. இரண்டு டர்போபிராப் இன்ஜின், சுமார் 20 மீட்டர் நீளம், வி.ஐ.பி.க்களையும் சரக்கையும் சுமந்த சாது. அதன் முதுகில் 24 அடி விட்டமும் 5 அடி கனமும் உள்ள குடையைத் தூண்கள் வைத்துப் பொருத்தினார்கள். படத்தைப் பார்த்தால், ஒல்லியான ஆள் தலையில் கல்யாணப் பந்தி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும். அமெரிக்க விமானப்படையின் குடையைச் சுமந்தது நாலு இன்ஜின் போயிங் 707 என்பதை மறக்கக் கூடாது. ஆவ்ரோ ஒரு பரிசோதனை மேடைதான், கடைசி விமானம் அல்ல என்பது திட்டக்காரர்களுக்கும் தெரியும். 1990இல் குடையோடு அது பறக்கவும் செய்தது. பிறகு பல வருஷம் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சோதனை. குடை காற்றைக் கலைக்கும். கலைந்த காற்று நேராக வாலைப் போய் அடிக்கும். வால் சரியில்லாவிட்டால் விமானம் விமானியின் சொல்பேச்சுக் கேட்காது. ஒவ்வொரு பறப்பிலும் இதையெல்லாம் அளந்தாக வேண்டும்.

1999 ஜனவரி 11. அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தை நோக்கி அந்த ஆவ்ரோ இறங்கி வந்துகொண்டிருந்தது. தளத்துக்குச் சில மைல் முன்னால் முதுகுக் குடை பெயர்ந்து வாலில் மோதியது. விமானம் விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக உள்ளே இருந்த 8 பேரும் இறந்தார்கள். ரேடாரைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள்தான் ரேடாரோடு பறப்பார்கள். அதனால் ஒரே நாளில் விமானமும் போனது, வருஷக்கணக்கில் திரட்டிய அனுபவமும் போனது. திட்டத்தை அரசு மூடியது.

விழுந்தது ரேடார் தொழில்நுட்பம் அல்ல, குடையைச் சுமந்த ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். அரசும் அந்த வேலையே வேண்டாம் என்று முழுசாகக் கைகழுவிவிடவில்லை. அவசரத் தேவைக்கு 2004இல் இஸ்ரேலிடம் 3 ஃபால்கன் ரேடார்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 110 கோடி டாலர். ரஷ்யாவின் ஐ.எல். 76 விமானங்களில் ஏறி, 2009 மே மாதம் முதலாவது ஜாம்நகருக்கு வந்தது. அதே 2004இல், மூடிய கேப்ஸ் கோப்பையும் திறந்தார்கள். புதுத் திட்டம், புது விமானம், புது வடிவம்.

இம்முறை குடை இல்லை. பிரேசிலின் எம்ப்ரேயர் 145 ஜெட்டின் முதுகில் நீளவாக்கில் ஒரு பலகை. உள்ளே இடதுபுறமும் வலதுபுறமும் பார்த்தபடி முதுகோடு முதுகாக இரண்டு ஆன்டெனாக்கள். எதுவும் சுழலாது. ஆன்டெனாவில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அலைபரப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் அலையை இம்மியளவு முன்னே பின்னே அனுப்பினால், எல்லாம் சேர்ந்து கற்றை வேண்டிய பக்கம் வளைந்துகொடுக்கும். சுழலும் குடை ஒரு சுற்று முடித்து அதே இடத்துக்கு வரச் சுமார் 10 விநாடி ஆகும். இதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். சந்தேகப்படும் இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சுற்றும் பாரம் இல்லாததால் வாலுக்கும் வம்பு குறைவு. வடிவத்தை இந்தியா கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. சுவீடனின் எரிஐ ரேடார் இதே பலகைதான். அதையும் எம்ப்ரேயர் 145 மேலேயே பொருத்திப் பிரேசிலும் கிரீசும் ஏற்கெனவே பறக்கவிட்டிருந்தன. பலகைக்குள்ளே இருந்த ரேடார்தான் நம்முடையது, பெங்களூர் எல்.ஆர்.டி.இ. ஆய்வகம் செய்தது.

திட்டத்தை நடத்திய எஸ். கிறிஸ்டோபர் ஆன்டெனா நிபுணர், பின்னால் டி.ஆர்.டி.ஓ. தலைவரானார். 2012 ஆகஸ்டில் முதல் எம்ப்ரேயர் பெங்களூர் வந்தது. 2017 பிப்ரவரி 14இல், எலகங்காவில் நடந்த விமானக் கண்காட்சியில், நேத்ரா விமானப்படைக்குக் கைமாறியது. 1985இலிருந்து எண்ணினால் 32 வருஷம்.

எல்.ஆர்.டி.இ.யின் இன்னொரு பிள்ளை போர் விமானத்தின் மூக்குக்குப் போகிறது. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸுக்காக எச்.ஏ.எல்.லோடு சேர்ந்து அது முதலில் செய்த ரேடார் தேறவில்லை. விமானப்படையின் தேஜஸ் படைப்பிரிவுகள் இஸ்ரேல் ரேடாரோடுதான் பறக்கின்றன. அடுத்து வந்த 'உத்தம்' சுழலாத ஆன்டெனா வகை. 2025 செப்டம்பர் 25இல் 97 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் ஆனபோது, உத்தமும் அதில் இடம்பெற்றது.

நேத்ராவுக்கும் ஒரு குறை உண்டு. பலகையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 120 டிகிரி, ஆக 240 டிகிரிதான் பார்க்கும். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் குருடு. அதனால் எல்லைக்கு இணையாகப் போய்த் திரும்பி, எப்போதும் விலாவைக் காட்டியே பறக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கு ஏர் இந்தியாவின் ஏர்பஸ் 321 விமானங்களை எடுத்து மாற்றியமைக்க 2021இல் ஒப்புதல் கிடைத்தது. அதில் மூக்கிலும் ஓர் ஆன்டெனா வைத்து 300 டிகிரி பார்ப்பதாகத் திட்டம். மீதி 60 டிகிரி வால் பக்கம்.