புறம்போக்கில் முயல்: விலங்கைக் காக்கும் சட்டமும் காவலற்ற நிலமும்

மேய்க்கால் புறம்போக்கில் முயலுக்கு வலை கட்டுவது குற்றமா என்று கேட்டால், ஊரில் வரும் பதில் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியே இருக்கும்: “காப்புக்காட்டுக்குள்ள புடிச்சாத்தான் தப்பு, இது ஊருப் பொறம்போக்கு.” இந்த வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ஆனாலும் இதில் உள்ள நில உணர்வைச் சட்டம் முற்றாகக் கைவிட்டது சரியா என்பது வேறு கேள்வி.

பழைய சட்டங்கள் யார், எப்போது வேட்டையாடலாம் என்று வகுத்தன. நீலகிரியில் துரைமார்களின் வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையில் பிறந்தது 1879ஆம் ஆண்டுச் சட்டம். 1912இல் வந்த சட்டம் முயல் உள்ளிட்டவற்றுக்கு வேட்டை கூடாத பருவங்களைக் குறிக்க வழிசெய்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடச் சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஒழித்தது. இன்று 9ஆம் பிரிவு கேட்பது ஒன்றைத்தான்: விலங்கு அட்டவணையில் உள்ளதா? பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, காடா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் விரட்டுவதும் 2(16)ஆம் பிரிவின்படி வேட்டைதான். சிவராத்திரியை ஒட்டிய பாரிவேட்டைக்கு வழக்கம் என்ற கேடயமும் இல்லை. மரபுரிமைகளைத் தாராளமாக ஏற்ற 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே வேட்டையுரிமையைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

அட்டவணையின் தருக்கம் களத்தில் விசித்திரமாகத் தோன்றும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நான்காம் அட்டவணையிலிருந்த முயலை இரண்டாவதற்கு ஏற்றியது. எலியும் காகமும் இருந்த ‘தீங்குயிர்’ அட்டவணையையே நீக்கியது. ஆக, ஒரே வரப்பில் இருளர் ஒருவர் வளை வெட்டி எலி பிடித்தால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. முயலைப் பிடித்தால் மூன்றாண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். உடும்பென்றால் குறைந்தபட்சமே மூன்றாண்டு. பயிரை அழிக்கும் விலங்குக்கு 11ஆம் பிரிவில் அனுமதி கேட்க வழியுண்டு. ஆனால் அது மனு எழுதத் தெரிந்தவரின் வழி.

இந்தத் தடை தளர வேண்டும் என்பது என் வாதமல்ல. உரிமம் திரும்பினால் துப்பாக்கி உள்ளவருக்கே அது பயன்படும். என் குறை, தடை பாதியில் நின்றுவிட்டது என்பதே. முயலுக்கும் கௌதாரிக்கும் வேண்டியது புதரும் புல்லும். பொக்லைன் வைத்து அந்தப் புதரை ஒரே நாளில் வழித்துவிட்டால் அது ‘வேட்டை’ ஆகாது. வாழிடத்தை அழிப்பதைத் தடுக்கும் 29ஆம் பிரிவு சரணாலய எல்லையோடு நின்றுவிடுகிறது. பொதுநிலங்களை மீட்கச் சொன்ன 2011ஆம் ஆண்டு ஜக்பால் சிங் தீர்ப்பும் ஊராரின் பயன்பாட்டைப் பேசியதே தவிர, அங்கு வாழும் உயிர்களைப் பேசவில்லை.

2002ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த சமுதாயக் காப்பிடம் இங்கே உதவுமா? அது தனியார் நிலத்துக்கும் சமுதாய நிலத்துக்கும் உரியது. புறம்போக்கோ ஊராருக்குப் பொது, ஏட்டில் அரசுடையது. 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டமே அப்படி வைத்துவிட்டது. (வேட்டையில் செத்த முயலும் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்துதான்.) எஞ்சுவது 36ஏ பிரிவின் பாதுகாப்புக் காப்பிடம். 2005இல் நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூர் நாட்டிலேயே முதலாவதாக அந்தத் தகுதியைப் பெற்றது. அங்கே கூடுகட்டும் பறவைகளே காரணம். இத்தகைய காப்பிடத்தின் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கு இடமுண்டு என்பதால், ஊர்ப் பொது என்ற உணர்வுக்குச் சட்டம் கொடுக்கும் ஒரே நாற்காலி அது. மேய்க்கால் புறம்போக்குகளுக்கும் அதை நீட்டலாம். ஆனால் காப்பிடங்களுக்குப் பொருந்தும் என்று 36ஏ எடுத்தாளும் பிரிவுகளில் 29 இல்லை. அதைச் சேர்க்காதவரை, காப்பிடமானாலும் புதர் குழுவின் பரிந்துரையை நம்பித்தான் நிற்கும்.