பழைய மொந்தை, புதிய கள்

1964 மாடல் பான்டியாக் ஜிடிஓ தனிக் காராக விற்பனைக்கு வரவில்லை. விலைப் பட்டியலில் இருந்தது டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் குடும்பக் கார். அதற்குக் கீழே, கூடுதல் வசதிகளின் வரிசையில், 300 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஜிடிஓ என்று ஓர் அயிட்டம், அவ்வளவுதான். காரணம் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் 1963 ஜனவரியில் பான்டியாக் உள்ளிட்ட தன் பிரிவுகளைப் பந்தயத்திலிருந்து ஒதுங்கச் சொல்லிவிட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. புதிய மாடல் என்றால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், கூடுதல் வசதி என்றால் வேண்டாம். அந்தச் சந்தில்தான் பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்கள் பில் காலின்ஸும் ரஸ் ஜீயும் புகுந்தார்கள். டெம்பெஸ்டில் இருந்த 326 கன அங்குல எஞ்சினுக்கும் பெரிய பான்டியாக்குகளில் இருந்த 389 கன அங்குல எஞ்சினுக்கும் வெளியளவில் வேறுபாடு இல்லை. சின்னதைத் தூக்கிவிட்டுப் பெரியதை இறக்கினால் அதே மவுன்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். விற்பனைப் பிரிவு 5,000 போனாலே பெரிது என்று நினைத்தது. அந்த ஆண்டு போனது 32,450. மசில் கார் என்ற வகை இப்படித்தான் வேரூன்றியது: சாதாரணக் காருக்குள் அதற்கு விதிக்கப்படாத எஞ்சின்.

இன்று அமெரிக்காவில் பழைய கமாரோ, மஸ்டாங், செவல் போன்றவற்றின் உடலை வைத்துக்கொண்டு உள்ளே புதிய எஞ்சின், ஆறு கியர் பெட்டி, புதிய சஸ்பென்ஷன், பெரிய டிஸ்க் பிரேக் என்று கட்டுகிறார்கள். ரெஸ்டோமாட் என்று பெயர். வளைவுகளில் விரட்டி ஓட்டவென்றே கட்டினால் ப்ரோ டூரிங். இதைச் சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம் என்பவர்கள் உண்டு. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பின்னை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள் என்பதே என் வாதம். மாற்றிக் கட்டுவதுதான் இந்தக் கார்களின் மூத்த வழக்கம். மாற்றாமல் வைத்திருப்பது பிற்பாடு வந்தது, அதுவும் பெரும்பாலும் ஏலக்கூடத்தின் வழியாக வந்தது.

எவ்வளவு மூத்த வழக்கம்? 1932-இல் ஃபோர்டு சாமானியர் விலையில் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. தெற்கு கலிஃபோர்னிய இளைஞர்கள் அதைக் கழற்றி, அதைவிடப் பழைய, எடை குறைந்த ஃபோர்டு உடல்களில் பூட்டி, மட்கார்டுகளை எறிந்துவிட்டு, முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் ஒரு சங்கமே அமைந்தது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகை வந்தது. 1949-இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபிலும் புது வி-8 எஞ்சின்களை வெளியிட்டதும் அவையும் பழைய ஃபோர்டுகளுக்குள் இறங்கின. 1955-இல் செவர்லே 265 கன அங்குல ‘ஸ்மால் பிளாக்’ எஞ்சினைக் கொடுத்தபின் ஃபோர்டு உடலில் செவர்லே எஞ்சின் என்பது, கலப்பு மணத்தைப் போல முதலில் முணுமுணுப்புக்கும் பிறகு பழக்கத்துக்கும் உள்ளானது.

தொழிற்சாலைகளே மசில் கார்களைச் செய்யத் தொடங்கிய பிறகும் அந்தக் கைகள் ஓயவில்லை. 1964 மார்ச் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் ஜிடிஓ-வை ஃபெராரியோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தது. அந்தக் காரின் பெயர் நாடெங்கும் பரவியதில் அந்த இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. சோதனைக்குக் கொடுத்த காருக்குள் இருந்தது 389 அல்ல, ராயல் பான்டியாக் என்ற டீலரின் பட்டறையில் மாற்றி இறக்கிய 421 என்பதை, பான்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்துவந்த ஜிம் வாங்கர்ஸ் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, புகழுக்கு அடிக்கல் நாட்டிய அந்தக் காரே அசல் இல்லை! பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யென்கோ என்ற டீலர் 1967-இல் புத்தம் புதுக் கமாரோக்களில் 427 கன அங்குல எஞ்சினைப் பூட்டி விற்றார். கமாரோ அளவுள்ள காரில் 400-க்கு மேல் கூடாது என்று அப்போது கம்பெனி விதி. 1969-இல் செவர்லேயே தன் சிறப்பு ஆர்டர் முறையின் வழியாக அந்த எஞ்சினோடு கார்களைத் தயாரித்துக் கொடுத்தது. யென்கோ கமாரோ இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். டீலர் 1967-இல் செய்தால் பாரம்பரியம், பட்டறைக்காரர் 2007-இல் செய்தால் பாவம் என்பதில் எனக்குத் தர்க்கம் தெரியவில்லை, தேதிதான் தெரிகிறது.

சஸ்பென்ஷன் கதையும் இதுவே. மஸ்டாங்கின் முன் சக்கரம் வளைவில் எப்படிச் சாய்கிறது என்று ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்டார். கார் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கச் சக்கரத்தின் தலையும் வெளியே சாய்ந்து, டயரின் வெளி ஓரம் மட்டும் சாலையைத் தேய்க்கும். மேல் கன்ட்ரோல் ஆர்மின் பிடிமானத்தை ஓர் அங்குலம் தாழ்த்தினால், கார் சாயச்சாய ஆர்ம் சக்கரத் தலையை உள்ளே இழுக்கும். டயர் அகலமாகப் படியும். சாதாரண மஸ்டாங்குக்கு அது கிடைக்கவில்லை, கரோல் ஷெல்பியின் 1965 ஜிடி350-க்குக் கிடைத்தது. அதைச் செய்யத் தேவை ஓர் அளவுத் தகடும் ஒரு டிரில்லும் பக்கத்துக்கு இரண்டு துளைகளும். இன்றும் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் வீட்டு ஷெட்டில் அந்தத் துளைகளைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘ஷெல்பி டிராப்’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்படியானால் அசல் என்று போற்றிக் காக்கப்படுவது எது? முதல் ஜிடிஓ ஏறத்தாழ 1,600 கிலோ எடை. அதை நிறுத்த நாலு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக். வேகத்தில் இரண்டு முறை அழுத்தினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்; முன் டிஸ்க் பிரேக் 1967-இல்தான் வந்தது. 1969-இல் 2,43,000 கமாரோக்கள் செய்யப்பட்டன. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கும் வசதி இருந்தது. அப்படிப் போனவை 206. 1967 கமாரோவின் பின்பக்கம் பக்கத்துக்கு ஒற்றைப் பட்டையாக லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பட்டை முறுக்கிக்கொண்டு வளையும், டயர் பிடி விடும், பட்டை துள்ளி நிமிரும், மறுபடி பிடிக்கும். பின் ஆக்ஸில் ஆட்டுக்குட்டி போலக் குதிக்கும். அடுத்த ஆண்டே சக்திவாய்ந்த மாடல்களுக்குப் பல பட்டைகள் வைத்து, இரண்டு ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாட்டிச் சமாளித்தார்கள். டயர்கள் ரேடியல் அல்ல. அன்றைய குதிரைத்திறன் எண்களும் சைலன்சரும் துணைக் கருவிகளும் இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓடவிட்டு எடுத்தவை. எல்-டி-1 எஞ்சின் போட்ட கார்வெட் 1971-இல் 330 குதிரைத்திறன் என்று விற்றது. அளக்கும் முறை மாறியதும் 1972-இல் அநேகமாக அதே எஞ்சின் 255 ஆகிவிட்டது. இவற்றில் எதையும் கலைஞனின் தேர்வு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் இவை செலவுக் கணக்குப் பார்த்தவரின் தேர்வுகள்.

அசல் வழிபாடு எங்கிருந்து வந்தது என்பதும் மர்மமல்ல. 1970-இன் தூய காற்றுச் சட்டமும் ஏறிக்கொண்டே போன இன்சூரன்ஸ் கட்டணமும் 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையும் சேர்ந்து மசில் காரை முடித்தன. சில ஆண்டுகளுக்கு அவை வெறும் பழைய கார்கள், பெட்ரோல் குடிப்பவை, கேட்பாரற்றவை. எண்பதுகளில், இளமையில் வாங்க முடியாமல் ஏங்கியவர்கள் கையில் பணம் வந்தது. விலை ஏறியது, ஏறியதும் போலிகள் வந்தன, போலிகளைப் பிரிக்க எஞ்சினில் பொறித்த எண்ணும் உடலின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. எண் பொருத்தம் ஜாதகப் பொருத்தம் மாதிரி ஆனது அப்போதுதான். இதில் தவறில்லை. பதினொன்றே செய்யப்பட்ட 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள்களில் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலையில் எண்ணைச் சரிபார்க்காமல் யார் வாங்குவார்? ஆனால் சந்தைக்கு வேண்டிய சான்றை ஒழுக்க விதியாக ஆக்கிவிட்டதுதான் கோளாறு.

எண்பதுகளில் மறுபக்கம் ‘ப்ரோ ஸ்ட்ரீட்’ என்றொரு மோகம் இருந்தது: மூட்டை போன்ற பின் டயர்கள், பானெட்டைத் துளைத்து நிற்கும் சூப்பர்சார்ஜர். பார்க்கப் பிரமாதம், வளைவில் திருப்பினால் பரிதாபம். அதற்கு எதிர்வினையாகவே ப்ரோ டூரிங் வந்தது என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னோடிகள் உண்டு. 1966-இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்கவே கமாரோ இசட்/28-க்கு 302 கன அங்குல எஞ்சின் செய்யப்பட்டது. ஆனால் ப்ரோ டூரிங் ஒரு வழக்கமாக வேரூன்ற ஒரு தேர்வுக்களம் தேவைப்பட்டது. பத்திரிகையாளர் பிராக் யேட்ஸ் 1984-இல் தொடங்கிய ‘ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா’ அதைத் தந்தது. தொண்ணூறுகளில் அதன் அமைப்பு இது: பகலில் பந்தயத் தடம், இரவில் அதே காரில் நெடுஞ்சாலை வழியாக அடுத்த ஊர், ஒரு வாரம் முழுக்க. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் மார்க் ஸ்டீலோ அந்தக் களத்துக்கு 1969 கமாரோவைக் கொண்டுவந்தார். ப்ரோ டூரிங் என்ற பெயரையும் அவர் கணக்கிலேயே சேர்ப்பார்கள். மெழுகு போட்டு நிறுத்திய கார் அங்கே இரண்டாம் நாள் தாங்காது.

1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சின் இந்த வழக்கத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அலுமினிய உடல், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். இரண்டு ஆண்டில் அதே குடும்பத்தின் இரும்பு எஞ்சின்கள் பிக்கப் டிரக்குகளில் வந்தன. மோதிய டிரக்குகள் பழைய இரும்புக் கடைக்கு வந்ததும் எஞ்சினும் மலிவாக வந்தது. இறக்குவது மட்டும் எளிதல்ல. டிரக்கின் ஆயில் பேன் ஆழமானது, கமாரோவின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். தொண்ணூறுகளின் இறுதிக் கமாரோவுடையதைத் தேடி மாட்ட வேண்டும். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஆறேழு பவுண்டு பெட்ரோல் அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும். அதற்குக் கட்டுகிறவர்கள் கண்ட கைவைத்தியம் பிந்தைய கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டர்: அந்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடாமல் நிற்கலாம். தன்னைத் திருடிவிட்டார்கள் என்று அதன் கம்ப்யூட்டர் நினைக்கிறது; திருட்டுத் தடுப்பு நிரலை முதலில் நீக்க வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இது கமாரோ வேடம் போட்ட கார்வெட் என்பது முதலாவது. எல்எஸ் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடைவெளி 4.4 அங்குலம். 1955-இன் ஸ்மால் பிளாக்கிலும் அதே 4.4 அங்குலம். இரண்டும் ஒரே வம்சம். பேரனைத் தாத்தாவின் வீட்டில் குடிவைப்பதை வேடம் என்று சொல்ல மாட்டேன். முழுச் சேசிஸையும் புதிதாக வாங்கி மேலே பழைய உடலைக் கவிழ்க்கும்போது என் வாதம் தளர்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அரிய கார்கள் அழியும் என்பது இரண்டாவது. அங்கே நான் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்வேன். ‘புல்லிட்’ படத்தில் ஓடிய மஸ்டாங் துருவும் தேய்மானமுமாக 2020-இல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதில் ஒரு போல்ட்டை மாற்றினாலும் குற்றம். ஆனால் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் அந்த 2,43,000-இல் எண் பொருந்தாதவை, எஞ்சினே இல்லாமல் வருபவை. 1969 கமாரோவின் முழு உடலையே உரிமம் பெற்றுப் புதுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். அதில் கட்டினால் கெட்டுப்போக எந்தச் சரித்திரமும் இல்லை.

புகை பற்றிய குறை பாதி நியாயம். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை, அந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். ஆனால் ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்த்தே செவர்லே 2009-இல் ‘இ-ராட்’ என்று எல்எஸ் எஞ்சின்களை அறிமுகப்படுத்தியது. எந்தக் கார்புரேட்டரைவிடவும் அது சுத்தமானது. எனக்குத் திருப்தியான பதில் இல்லாத குறை பாதுகாப்புதான். பிரேக்கும் டயரும் மோதலைத் தவிர்க்க உதவும், மோதினால் காக்காது. ஏர்பேக் இல்லாத, நசுங்கி வேகத்தை உள்வாங்கத் தெரியாத கூட்டுக்குள் 600 குதிரைத்திறன். உடலை விறைப்பாக்க உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டால், ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுபவரின் மண்டைக்கு அதுவே எமன்.

என் வாதத்தைக் கடைசிவரை இழுத்தால் மின் மோட்டாருக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். எல்எஸ் எஞ்சினுக்காக அசல்வாதிகளோடு மல்லுக்கட்டியவர்களே இப்போது அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்பது வேடிக்கை. மின் மோட்டாரில் 4.4 அங்குல வம்சம் அறுந்துபோகிறது, உண்மை. ஆனால் 1932-இன் இளைஞர்கள் வம்சம் பார்க்கவில்லை, கைக்கெட்டிய புது எஞ்சின் எது என்றுதான் பார்த்தார்கள். 2021-இல் ஃபோர்டு தன் மின்காரின் மோட்டாரைப் பெட்டியில் வைத்து 3,900 டாலருக்கு விற்கத் தொடங்கியது. லாஸ் வேகாஸின் செமா கண்காட்சியில் ஒரு 1978 பிக்கப்பின் உடலுக்குள் அதில் இரண்டைப் பூட்டி, 480 குதிரைத்திறன் என்று நிறுத்தியும் காட்டியது. பேட்டரி அந்த விலையில் சேர்த்தி இல்லை.